கத்திரி வெயிலில் நெடுநடை

கத்திரி தொடங்கிவிட்டால், அன்றைய உஷ்ணம் எத்தனை டிகிரி என்று மாலைச் செய்தியில் கேட்டுப் பெருமூச்சு விடுவது சென்னைவாசிகளின் நித்திய வழக்கமாகிவிடுகிறது. அந்த எண் எங்கே வைக்கப்பட்ட வெப்பமானி காட்டிய எண் என்று விசாரிப்பவர்களோ மிகச் சிலர். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், 1792இல் அங்கே எழுந்த பழைய மதராஸ் வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் தமிழ் உள்ளிட்ட பல மொழிச் சாசனங்களோடு இன்றும் நிற்கும் அதே வளாகத்தில்தான், நகரத்தின் உஷ்ணநிலை அளக்கப்படுகிறது. அதை அளக்கும் கருவி, தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் கால்களின்மேல் நிறுத்திய ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அப்பெட்டியின் நாற்புறமும் சாய்வாக அடுக்கிய மரப்பட்டைகளின் வழியே காற்று தாராளமாகப் புகும், ஆனால் ஒரு கிரணமும் உள்ளே நுழையாது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளரும், நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையுமான தாமஸ் ஸ்டீவன்சன் 1864இல் அமைத்த வடிவம் அது. உலகமெங்கும் வானிலை நிலையங்கள் அதையே கைக்கொண்டன. ஆகவே 'இன்று 40 டிகிரி' என்று நாம் கேட்பது நிழலில், காற்றோட்டத்தில், தரையின் சூட்டிலிருந்து விலகி நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாயின் அநுபவமேயன்றி, தார்ச் சாலையோரம் நடந்து போகிற மனிதனுடைய அநுபவம் ஆகாது. அந்தப் பெட்டிக்கு வெளியே நடப்பவனுக்கு என்ன நேருகிறது, அவனைச் சுடுவது எது, காப்பது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதாரணத்துக்கு மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிண்டியில் புறப்பட்டு, அண்ணா சாலை வழியே சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று நடந்து, வாலாஜா சாலையில் திரும்பிச் சேப்பாக்கம் கடந்து, பகல் ஒரு மணியளவில் மெரினாவை அடைகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்துப் பதினொரு கிலோமீட்டர் தூரம். வேடிக்கைக்காக அந்த வேளையில் அவ்வளவு தூரம் நடப்பவர் அரியர். பிழைப்புக்காக நடப்பவர் ஆயிரக்கணக்கானோர். பாலைத் திணைக்குரிய பொழுதுகளாக நண்பகலையும் வேனிலையும் வகுத்த தொல்காப்பியர் காலத்திலேயே, அந்த இரண்டும் கூடும் வேளையில் வழிநடப்பதன் கடுமை தமிழர் அறிந்த செய்தியாயிருந்தது. அன்று அந்த வழி சுரத்தில் இருந்தது. இன்று அது நகரத்தின் நடுவே இருக்கிறது.

முதலில் நடப்பவரின் சரீரத்தையே கவனிக்க வேண்டும்; ஏனெனில் அதுவே ஓர் உஷ்ண உற்பத்திசாலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருவரின் உடல் சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கத் தொடங்கினால் அது ஏறத்தாழ 250 வாட்டாக உயர்ந்துவிடும். இந்த வெப்பம் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்கிவிடுமானால், அறுபது கிலோ எடையுள்ள மனிதனின் உஷ்ணநிலை கால் மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 37 டிகிரியிலே புறப்பட்டவர் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் உள்ள மறைமலையடிகள் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போவதற்குள் 40 டிகிரியை, அதாவது உயிருக்கே அபாயமான எல்லையை, அடைந்துவிடுவார். அப்படி நிகழாமல் காப்பவை இரண்டு. ஒன்று இரத்த ஓட்டம்: ஓய்வு நேரத்தில் தோலுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே பாயும் இரத்தம், கடும் வெப்பத்தில் ஆறேழு லிட்டர் வரை பெருகி, உள்ளே விளைந்த சூட்டைச் சுமந்து வந்து மேற்பரப்பில் இறக்கிவிட்டுப் போகிறது. மற்றது வியர்வை.

வியர்வையின் வல்லமையை முதன்முதலில் பிரத்தியட்சமாகக் காட்டிய பரிசோதனை லண்டனில் நடந்தது. ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் அமைத்த உஷ்ண அறையில் சார்லஸ் பிளாக்டனும் அவருடைய நண்பர்களும் புகுந்து நின்றார்கள். அந்த அநுபவங்களைப் பிளாக்டன் 1775இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார். அறையின் உஷ்ணம் நீர் கொதிக்கும் நிலையைக் கடந்து, பாரன்ஹீட் கணக்கில் 260 டிகிரிவரை போயிற்று. அவர்களோடு அறைக்குள் வைத்த முட்டைகள் வெந்து இறுகின, மாமிசத் துண்டு பக்குவமாயிற்று. மனிதர்களோ சிறிது நேரத்துக்குப்பின் நலமாக வெளியே வந்தார்கள். இறந்த மாமிசத்துக்கும் உயிருள்ள சரீரத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் வியர்வையே. ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நம் நடையாளர் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் போக்க 370 கிராம் வியர்வை ஆவியானாலே போதும். வெயிலும் சூழலும் மேலும் ஏற்றும் வெப்பத்தைச் சேர்த்தால் தேவை மணிக்கு ஒரு லிட்டர்வரை போகலாம். அதற்கும் ஈடுகொடுக்க, இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் நம் தோலில் இருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டுவது, சட்டையை நனைத்து முதுகோடு ஒட்டவைப்பது, துண்டால் துடைத்தெறிவது ஆகிய இவையெல்லாம் உடலுக்குச் செலவேயன்றி லாபமன்று. இந்த நுட்பத்தை நம் வீட்டு மண்பானை நன்றாக அறிந்திருக்கிறது. பானையின் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் வெளிப்பக்கத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் சூட்டை இறக்குகிறது. எவ்வளவு இறக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றின் வறட்சியே தீர்மானிக்கிறது. வேலூரில் தை, மாசியில் வாங்கி வைத்த பானை சித்திரையில் பல் கூசும்படி தண்ணீர் தரும். அதே குயவர் வனைந்த பானையைத் திருவல்லிக்கேணியில் வைத்தால் அவ்வளவு குளிர்ச்சி வருவதில்லை. குற்றம் மண்ணில் இல்லை; கடலோரக் காற்று ஏற்கனவே நீராவியைச் சுமந்துகொண்டிருப்பதால், மேலும் ஆவியை ஏற்க அதில் இடம் குறைவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை விஞ்ஞானிகள் ஈரக்குமிழ் உஷ்ணநிலை என்பார்கள். பானைத் தண்ணீர் தேடிச் செல்லும் இலக்கு அதுவே. நம் சரீரத்துக்கும் குளிர்ச்சியின் கடைசி எல்லை அதுவே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிண்டியிலிருந்து நடையைத் தொடங்குவோம். காலை பத்து மணிக்குச் சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து, வானத்தில் பாதிக்குமேல் ஏறியிருக்கிறான். அண்ணா சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுவதால், நகரத்தை நோக்கி நடப்பவருக்கு வலப்பக்கக் கட்டடங்கள் அந்தப் பக்கத்து நடைபாதையில் இன்னும் கொஞ்சம் நிழலை மிச்சம் வைத்திருக்கும். நேரம் ஏற ஏற அந்த நிழல் சுவரடியை நோக்கிச் சுருங்கி, நடுப்பகலில் அறவே மறைந்துபோகிறது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. எனவே ஏப்ரல் 25 வாக்கில் ஒருமுறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறான். இவ்விரு நாட்களுக்கும் இடையே, நண்பகலில் அவன் நமக்கு வடக்கே நிற்கிறான். நம் நிழல் தெற்கே விழுகிறது. மே மாத இறுதியில் பகல் பன்னிரண்டு மணி கடந்து ஐந்தாறு நிமிஷத்தில் நின்று பார்த்தால், ஐந்தரை அடி உயரமுள்ளவரின் நிழல் ஒரு சாண் அளவே இருப்பதையும், அது தென்புறமாக விழுவதையும் யாரும் காணலாம். ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கே விழும் தன் நிழல் திசை மாறிக் கிடப்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நாட்களில் காட்டிக் கொடுப்பது, வானசாஸ்திரத்தின் சிறந்த பாடமாக அமையும்.

சூரியன் தலைக்குமேல் இருக்கும்போதுதான் நடப்பவர்மேல் அதிக வெயில் விழுகிறது என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. தெளிந்த வானத்தில் நண்பகல் கிரணங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் சக்தியைக் கொட்டினாலும், நிமிர்ந்து நடக்கும் மனிதன் அவற்றுக்குக் காட்டுவது தலையையும் தோள்களையும் மட்டுமே. காலை ஒன்பது மணியிலும் பிற்பகல் மூன்றரை மணியிலும் சாய்ந்து வரும் கிரணங்களோ அவனுடைய முழு உடம்பின்மேலும் படுகின்றன. நம் முன்னோர் நான்கு கால் நடையை விட்டு நிமிர்ந்ததற்கு, ஆப்பிரிக்கப் புல்வெளியின் உச்சிவெயிலைத் தவிர்ப்பதும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று பீட்டர் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் 1984இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது காரணமோ அல்லவோ, விளைவு உண்மையானது. தலைக்கு ஒரு குடையோ, முண்டாசோ, நார்த்தொப்பியோ இருந்துவிட்டால் உச்சிவெயிலின் நேர்த்தாக்குதலில் பெரும்பங்கை அது ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால் நண்பகல் நடை ஏன் அவ்வளவு கொடுமையாக இருக்கிறது? மேலேயிருந்து வரும் வெப்பத்துக்குக் குடை உண்டு. கீழேயிருந்து வரும் வெப்பத்துக்குக் குடை இல்லை. அதுவே காரணம். தார்ச் சாலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது. மற்றதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, நிழற்பெட்டியின் வெப்பமானி 40 காட்டும் நாளில் தான் 60 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கிறது. சூடான ஒவ்வொரு பரப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணங்களாக வெப்பத்தை வீசுகிறது. 30 டிகிரியிலுள்ள பரப்பைவிட 60 டிகிரியிலுள்ளது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வீசும். நடப்பவரின் கணுக்காலும் முழங்காலும் இடையறாது அந்தக் கதிர்வீச்சில் கிடக்கின்றன. சாலையைத் தொட்டடுத்த காற்றும் மேலேயுள்ள காற்றைவிட மிகச் சூடானதாகையால், தந்தையின் விரலைப் பிடித்து நடக்கும் குழந்தை தந்தையைவிட உஷ்ணமான காற்றில்தான் நடக்கிறது. இதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அந்தச் சூடான மெல்லிய காற்றடுக்கைக் கண்ணாலேயே காணலாம். நெடுநேராக ஓடும் சாலைப்பகுதியில் தூரத்தே நோக்கினால், தார்ப் பரப்பின்மேல் நீர் தேங்கி நிற்பது போலவும், அதில் எதிரே வரும் பேருந்தின் உருவம் தலைகீழாகத் தளதளப்பது போலவும் தோன்றும். கானல் நீர் என்று காலங்காலமாக நாம் கூறிவரும் அது, உண்மையில் ஆகாயத்தின் பிம்பமே. தரையோரக் காற்று சூட்டால் விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதால், வானத்திலிருந்து மிகச் சாய்ந்து வரும் ஒளி தரையைத் தொடாமலே மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை அடைகிறது. நீரில் பிரதிபலித்த ஆகாயத்தைப் பார்த்துப் பழகிய மனம், அங்கே நீர் இருப்பதாகத் தீர்மானித்துக்கொள்கிறது. 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குச் சென்ற கணித மேதை கஸ்பார் மோன்ஜ், பாலைவனத்தில் சிப்பாய்களை ஏங்கவைத்த இந்தத் தோற்றத்துக்குக் காரணம் கூறினார். நாம் அருகே போகப்போக அந்த நீர் விலகிப்போவதன் ரகசியமும் அதுவே. பார்வைக் கோணம் சற்றே உயர்ந்தாலும் அவ்வளவு வளைவு கிடைப்பதில்லை.

தேனாம்பேட்டையைக் கடந்ததும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்போம். மேலே தகரக் கூரை. அதன் நிழல் காலடியில் கரேலென்று விழுந்திருக்கிறது. ஆனாலும் நெற்றியிலும் தோளிலும் ஏதோ தணலருகே நின்றதுபோல் ஓர் எரிச்சல். அண்ணாந்து கூரையை நோக்கி உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தால் காரணம் விளங்கும்: வெயிலைத் தடுத்த தகரம் தானே வெயிலாக மாறி, கீழே நிற்பவர்மேல் வெப்பத்தைப் பொழிகிறது. அங்கிருந்து சிறிது நடந்து ஒரு புங்க மரத்தடியில் நின்று, மறுபடியும் கையை உயர்த்திப் பிடியுங்கள். உள்ளங்கையில் ஒன்றும் உறைக்காது. அதே சூரியன், அதே காற்று, அதே ஈரப்பதம். நிழற்பெட்டி வெப்பமானியை இரண்டு இடத்திலும் வைத்தால் இரண்டு டிகிரி வித்தியாசம்கூடக் காட்டாமல் போகலாம். உடம்புக்கோ இரண்டும் வேறு வேறு லோகங்கள்.

மரத்தின் இலை தகரத்தைப்போல் கொதிப்பதில்லை. ஏனென்றால் இலையும் வியர்க்கிறது. வேர் ஆழத்திலிருந்து இழுத்த நீரை, இலையின் அடிப்புறத்து நுண்வாய்களின் வழியே ஆவியாக விட்டு, தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை அந்த ஆவிக்கே செலவழித்துவிடுகிறது; எஞ்சியதைச் சிறிய, மெல்லிய, காற்றிலாடும் இலைகள் உடனுக்குடன் காற்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அதனால் இலையின் உஷ்ணநிலை சுற்றியுள்ள காற்றின் நிலையை ஒட்டியே இருக்கிறது. ஓர் இலையைக் கடந்து தப்பிய கிரணத்தை அடுத்த அடுக்கிலுள்ள இலை பிடித்துக்கொள்கிறது. அதிலும் புங்கும் வேம்பும் செய்யும் உபகாரம் விசேஷமானது. பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, சித்திரை வெயில் வருமுன்பே புதுத்தளிர் விட்டு, வானத்திலிருந்து ஒரு துளியும் விழாத மாதத்தில் அடர்ந்த பசுங்குடையாக நிற்கின்றன. மழையை எதிர்பாராமல் நிலத்தடி நீரை நம்பித் தளிர்க்கும் இந்தத் துணிவு, வெயிலில் நடக்கும் ஜீவன்களுக்குக் கிடைத்த பெரும்பேறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலைகளில் வேரூன்றிவிட்ட தூங்குமூஞ்சி மரம் அகலத்தில் இவற்றை விஞ்சும். பகலில் விரிந்து நிழல் தரும் அதன் சிற்றிலைகள் அந்தியில் மடங்கிவிடுவதால், இரவில் தரையின் சூடு மேலே தப்பிப்போகவும் வழிவிடுகிறது.

1959இல் பதினான்கு மாடிகளோடு எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தை நெருங்கும்போது பகல் பன்னிரண்டரை ஆகியிருக்கும். அதுவரை வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, காய்ந்த உள்நாட்டு நிலங்களைத் தடவிக்கொண்டு வருவது. தோலின் உஷ்ணநிலை ஏறத்தாழ 35 டிகிரி. 40 டிகிரிக் காற்று அதன்மேல் பட்டால் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றவே செய்யும், ஆயினும் அது வறண்டிருப்பதால் வியர்வையை விரைந்து ஆவியாக்கி அந்தத் தீமைக்கு ஈடு செய்துவிடுகிறது. இதனிடையே, பெரிய கடைகளின் பின்புறச் சந்துகளில் வரிசையாகத் தொங்கும் குளிர்சாதனங்கள், உள்ளே இருந்து அகற்றிய வெப்பத்தோடு தாம் உட்கொண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து, வழிப்போக்கர்மேல் ஊதுகின்றன. உள்ளே இருப்பவர்களின் சுகத்துக்கான கட்டணத்தில் ஒரு பகுதியை வெளியே நடப்பவர் தம் உடம்பால் செலுத்துகிறார் என்று சொல்வது மிகையாகாது.

வாலாஜா சாலையில் திரும்பியபின், பெரும்பாலான நாட்களில் ஒரு மாற்றம் நிகழும். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின்மேல் காற்று இலேசாகி எழும்ப, சுமார் 30 டிகிரியிலுள்ள வங்கக் கடலின் மேற்பரப்பிலிருந்து ஈரமான, கனமான காற்று அந்த இடத்தை நிரப்ப விரைகிறது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுவாயிருந்தால் அது கரையிலேயே தடுத்து நிறுத்தப்படும். தளர்ந்திருந்தால் முற்பகலிலேயே உள்ளே புகுந்துவிடும். கடற்காற்று எப்போது வருகிறது என்பதே சென்னையின் கோடை எண்ணைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது; அது தாமதித்த நாட்களிலேதான் உஷ்ணம் 40ஐத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரலில் என்றாலும் நகரத்தின் உச்ச வெப்பம் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருவதற்கு, நிலம் சூட்டைச் சேர்த்துவைக்க எடுத்துக்கொள்ளும் காலமும், பருவமழைக்கு முன்னோடியாக வலுக்கும் அந்த மேல்காற்றும் காரணங்கள்.

கடற்காற்று வந்ததும் வெப்பமானி சில நிமிஷங்களிலேயே பல டிகிரி இறங்கும். ஜனங்கள் 'அப்பாடா' என்பார்கள். காற்றின் வேகமும் குளுமையும் உண்மையில் இதமானவைதாம். ஆனால் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள மேற்குக் காற்றின் ஈரக்குமிழ் நிலை சுமார் 24 டிகிரி. 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்றின் ஈரக்குமிழ் நிலை 28 டிகிரிக்கு மேல். அதாவது வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கிய அதே வேளையில், வியர்வையால் உடலைக் குளிர்விக்கக்கூடிய எல்லை நான்கு டிகிரி ஏறிவிட்டது. கடற்கரையில் காற்றெதிரே நிற்பவருக்கு இதனால் துன்பமில்லை. காற்றே நுழையாத ஒரு சந்தில் மூட்டை சுமப்பவருக்கு இதுவே அபாயம். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் கார்ன்வால் சுரங்கங்களின் புழுக்கத்தை ஆராய்ந்து 1905இல் இதைத்தான் கண்டறிந்தார்: சலனமற்ற காற்றில் ஈரக்குமிழ் நிலை 31 டிகிரியைக் கடந்துவிட்டால், சாதாரண வெப்பமானி என்ன காட்டினாலும், மனித உடலின் உள்வெப்பம் ஏறத் தொடங்கிவிடுகிறது. 35 டிகிரி ஈரக்குமிழ் நிலையில் நிழலில் ஓய்ந்திருப்பவரும் நெடுநேரம் பிழைக்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இருவர் கணித்தனர். அதன்பின் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடகாத்திரமான இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனைகள், எல்லை அதைவிடக் கீழே, 31 டிகிரியை ஒட்டியே இருப்பதாகக் காட்டின. ஹால்டேன் ஒரு நூற்றாண்டுக்குமுன் சுரங்கத்தில் கண்ட எண்ணுக்கே விஞ்ஞானம் திரும்பி வந்திருக்கிறது.

இந்த மூன்று மணி நேரத்தில் நம் நடையாளர் இரண்டு, இரண்டரை லிட்டர் நீரை இழந்திருக்கக்கூடும். தாகத்தை மட்டும் நம்பினால் அவர் அவ்வளவும் குடித்திருக்கமாட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியல் அறிஞர் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் போர்வீரர்களை ஆராய்ந்தபோது, குடிநீர் கையருகே இருந்தும் மனிதர்கள் இழந்ததற்குக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்றும், மிச்சக் கடனை உணவு வேளையில்தான் தீர்க்கிறார்கள் என்றும் கண்டார். நீரைச் சிக்கனமாகக் குடித்து உடம்பைப் பழக்கலாம் என்ற அக்காலப் படைத்துறை நம்பிக்கையும் அவர் ஆராய்ச்சியால் தகர்ந்தது. வியர்வை குறைவதில்லை, மனிதன்தான் முன்னதாகச் சோர்கிறான். ஆகவே தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. வியர்வையோடு உப்பும் போகிறது. கோடையில் தெருமுனைகளில் பந்தல் போட்டு நீர்மோர் வார்க்கும் தர்மத்தில், நீர், உப்பு, கொஞ்சம் ஆகாரம் ஆகிய மூன்றும் ஒரே குவளையில் கிடைத்துவிடுகின்றன. இளநீர் இனியது, பொட்டாசியம் மிகுந்தது. ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போகும் சோடியம் அதில் குறைவு. மணிக்கணக்கில் உழைப்பவருக்கு ஒரு கல் உப்புப் போட்ட மோரே மேல் என்பது என் அபிப்பிராயம்.

உடையைப் பற்றி நீளச் சொல்லத் தேவையில்லை. தளர்ந்த பருத்தியாடைக்கும் உடம்புக்கும் இடையே காற்று புகுந்து வெளியேற வேண்டும், அவ்வளவே. சினாய்ப் பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவதைப் பார்த்து வியந்து ஆராய்ந்தவர்கள், அங்கி தளர்வாக இருக்கும் பட்சத்தில் கறுப்பிலும் வெள்ளையிலும் தோலை அடையும் வெப்பம் ஒன்றே என்று 1980இல் அறிவித்தார்கள். இறுக்கமான உடைக்கு இது பொருந்தாது.

நடை நடுவே தலை சுற்றல், குமட்டல், கால் தசைப் பிடிப்பு தோன்றினால் அவை உடல் விடுக்கும் எச்சரிக்கைகள். நிழலில் உட்கார்ந்து நீர் அருந்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஒருவர் பேச்சுக் குழறி, இடம் பொருள் தெரியாமல் தடுமாறினால், அவர் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. கடின உழைப்பால் வரும் தாக்குதலில் வியர்த்துக்கொண்டே இருப்பவரும் மயங்கி விழுவதுண்டு. நினைவு தப்பியவர் வாயில் நீர் புகட்டக் கூடாது. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வருவதற்குள் மேலாடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீரைக் கொட்டி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரைமணியில் உடலைக் குளிர்விப்பதே உயிரைக் காக்கிறது.

இவ்வளவு அபாயத்தின் நடுவிலும் தள்ளுவண்டிக்காரரும், துப்புரவுத் தொழிலாளரும், நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் கோடை முழுதும் வெயிலில் நிலைக்கிறார்களே, எப்படி? மனித உடல் வெப்பத்துக்குப் பழகும் ஆற்றல் உடையது. ஒன்றிரண்டு வாரங்கள் தினமும் வெயிலில் உழைத்தால், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி இருதயத்தின் சிரமம் தணியும். ஆண்டு முழுதும் குளிர்சாதன அறையில் இருந்துவிட்டு ஒரு நாள் வெயிலில் இறங்குபவருக்கு இந்தக் கவசம் கிடையாது; வெயிலை விட்டு விலகினால், பெற்றவரிடமிருந்தும் அது சில வாரங்களில் கழன்று போய்விடும். இதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பழக்கம் வியர்வையைப் பெருக்கலாம். காற்று ஏற்க மறுக்கும் ஆவியை ஏற்கவைக்க அதனால் முடியாது.

பகல் முழுதும் வெப்பத்தைத் தாங்கிய உடலுக்கு இரவின் குளிர்ச்சி மருந்து. நகரம் அதையும் குறைத்துவிடுகிறது. லண்டனின் சீதோஷ்ணத்தை நாள் தவறாமல் குறித்துவந்த லூக் ஹோவர்ட், நகரத்து இரவு சுற்றியுள்ள நாட்டுப்புறத்து இரவைவிட ஏறத்தாழ இரண்டு டிகிரி உஷ்ணமானது என்று 1818இல் தொடங்கி வெளியிட்ட தம் நூலில் காட்டினார். பகலிலோ அவ்வித்தியாசம் இல்லை. சுவர்களும் சாலைகளும் பகலில் விழுங்கியதை இரவில் உமிழ்கின்றன. நெருங்கிய கட்டடங்களுக்கிடையே ஆகாயம் ஒரு கீற்றாகக் குறுகியிருப்பதால், அந்தச் சூடு வான்வெளிக்குத் தப்பாமல் சுவருக்குச் சுவர் பாய்கிறது. ஒண்டுக்குடித்தனத்தின் ஓட்டுச் சார்பிலோ தகரக் கொட்டகையிலோ படுப்பவர் காலையில் களைப்போடே எழுந்து, அந்தக் களைப்போடே மறுபடி வெயிலில் இறங்குகிறார்.

நடப்பவரின் நிலையைத் தீர்மானிக்கும் காற்றின் உஷ்ணம், ஈரம், காற்றோட்டம், கதிர்வீச்சு ஆகிய நான்கினுள், முதல் மூன்றும் பெரும்பாலும் வங்கக் கடலும் மேற்குக் காற்றும் கொடுப்பதுபோல் அமைவன. நான்காவதை மரநிழலால் தெருத்தெருவாக மாற்ற நம்மால் முடியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே பகலில் சென்னையின் ஆயிரக்கணக்கான நிழல்மரங்களைச் சாய்த்தது. அடுத்த கோடையில் அதே தெருக்களில் நடந்தவர்கள் அந்த இழப்பைத் தோலாலேயே அளந்தார்கள். கோடை வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் நிவாரணம் மயங்கி விழுந்தபின் வருவது, நிழல் விழுமுன் காப்பது. வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களில் பிற்பகலின் நீண்ட வெயிலைத் தாங்குவது கிழக்கு ஓர நடைபாதை. மரங்களை முதலில் நடவேண்டிய ஓரம் அதுதான். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில், மே மாதத்தில் சூரியன் வடக்கே நிற்பதால், தெற்கு ஓரத்துக் கட்டடங்கள் நடப்பவருக்குச் சிறிதும் உதவுவதில்லை. அங்கே இரு ஓரத்திலும் மரம் வேண்டும். வேருக்கு நீர் இறங்க மூன்றடிச் சதுரமேனும் சிமென்ட் பூசாத மண், நட்ட முதல் இரண்டு கோடைகளில் தவறாமல் தண்ணீர், கிளைகள் விரியுமட்டும் மின்கம்பிக்காக உச்சியை வெட்டாமல் விடும் பொறுமை, இவ்வளவும் கிடைத்தால் ஒரு புங்கங்கன்று ஐந்தாறு ஆண்டுகளில் நடைபாதைக்கு மேலே கிளை நீட்டிவிடும்.